துரு ஊற்றுத் தண்ணீர் இரத்தம் ஊற வைக்குமா?

புதுக்கோட்டை மாவட்டத்து ஆறுகளில் வெள்ளாற்றுக்குத் தனி இடம் உண்டு. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் ஒரு காலத்தில் எல்லையாக விளங்கிய ஆறு அது. ஆற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்று பழைய பெயர்கள் வழங்கின. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றின் கரையோரங்களில், வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், தை, மாசி மாதங்களிலும் ஆங்காங்கே நீர் கசிந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஓர் ஊற்றைப் பார்க்கச் சென்ற தை மாதம் போயிருந்தேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம், எழுதினால் கேனோடு கூட்டம் வந்துவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன்.

கண்மாய்க் கரையில் நடந்து, கடலைக் கொல்லைகளைக் கடந்தால் அய்யனார் கோயில் காடு வரும். வீரை, உலக்கைப்பாலை, காசா, நாவல் என்று நெருக்கமாக நிற்கும் மரங்கள். நேர்த்திக்கடனாகச் செய்து வைத்த மண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. இந்தக் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. காட்டைத் தாண்டியதும் நிலம் ஆற்றை நோக்கிச் சரிகிறது. மேலே செம்புராங்கல் மேடு, அதன் அடியில் வெளிறிய களி. இரண்டும் சேரும் இடத்தில் நீர் கசிந்து, முழங்கை ஆழமுள்ள ஒரு சிறு குழியில் தேங்குகிறது. குழியைச் சுற்றி எந்தத் தலைமுறையிலோ அடுக்கி வைத்த கற்கள்.

குழிக்குள் இருக்கும் நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது வழிந்து இரண்டு அடி தூரம் ஓடுவதற்குள் கற்களெல்லாம் செம்மஞ்சளாகிவிடுகின்றன. சேறு, மஞ்சளும் குங்குமமும் குழைத்து வைத்ததுபோல் இருக்கிறது. ஓரத்தில் தேங்கிய நீரின்மேல் எண்ணெய் சிந்தியது போன்ற பளபளப்பு. ஒரு கை அள்ளிக் குடித்தேன். நாக்கில் ஆணியை வைத்ததுபோல் ஒரு துவர்ப்பு. பரிசோதிக்காத நீரைக் குடித்தது தவறு. என்னைப் பார்த்து வேறு யாரும் செய்ய வேண்டாம்.

அப்போது குடத்தோடு வந்த ஒரு மூதாட்டி சொன்னார்: “குடிங்க தம்பி, கூச்சப்படாதீங்க. இந்தத் தண்ணி குடிச்சா ரத்தம் ஊறும். அன்னைக்குக் கடலைக் கூட்டத்துக்கு வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு நிமிடப் பேச்சு

ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன், விரிவாக்கப் பணியில் சேர்ந்த புதிதில், அந்த ஊரில் மானாவாரி நிலக்கடலை பற்றி ஒரு கூட்டம் நடத்தியது உண்மை. ரைசோபியம் விதை நேர்த்தி, ஜிப்சம் இடுவது, விதை இடைவெளி என்று ஒன்றரை மணி நேரம் பேசினேன். கூட்டம் கலையும் நேரத்தில் யாரோ ஒருவர், “எங்க ஊத்துத் தண்ணி சிவப்பா படியுதே, குடிக்கலாமா சார்?” என்று கேட்டார். வண்டி புறப்படும் அவசரம். “அது இரும்புச் சத்துதான், உடம்புக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் பேசிய விதை நேர்த்தியை அந்த ஊரில் எத்தனை பேர் இன்றும் செய்கிறார்களோ தெரியாது. போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் ஊர் முழுவதும் பொன்னாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஊற்று நீர், பிள்ளை பெற்றவர்களுக்கு ஊற்று நீர், பருவமடைந்த பெண்களுக்கு ஊற்று நீர் என்று அது ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது.

மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். மோர் கொண்டுவந்து கொடுத்த பேத்திக்கு ஏழாம் மாதம். உதடும் நகக்கண்ணும் வெளுத்திருந்தன. நான் மனித மருத்துவன் அல்லன், பயிருக்கு வைத்தியம் பார்ப்பவன். ஆனாலும் இலை வெளுத்தால் தெரியும் கண்ணுக்கு முகம் வெளுத்தாலும் தெரியத்தானே செய்யும்? “சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா?” என்று கேட்டேன். அப்பத்தா முந்திக்கொண்டார்: “அது குமட்டுது தம்பி, வெளிக்குப் போனாக் கறுப்பாப் போகுது. அதான் வேணாம்னுட்டேன். ஊத்துத் தண்ணியிலதான் இரும்பு இருக்கே!” மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் இருந்தன.

அந்தப் பெண்ணின் வெளிறிய முகத்துக்கு என் அவசரப் பேச்சும் ஒரு காரணம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

இரும்பு எங்கிருந்து வருகிறது?

புதுக்கோட்டைப் பகுதியில் பரவிக் கிடக்கும் செம்புராங்கல் இரும்பு மிகுந்த கல். அதன் நிறமே அதற்குச் சாட்சி. இந்த மண்ணில் இரும்பை உருக்கி எடுத்த தொழில் மிகப் பழமையானது. தமிழகத் தொல்லியல் துறை 2023-ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கிய பொற்பனைக்கோட்டையை அடுத்த செம்புராங்கல் பாறைப் பரப்பில் இரும்பு உருக்கிய தடயங்கள் காணப்படுகின்றன.

ஆனால் கல்லில் இரும்பு இருப்பதால் மட்டும் அது நீரில் கரைந்துவிடாது. இங்கேதான் காட்டின் வேலை இருக்கிறது. மழை நீர் இலைச்சருகின் ஊடே இறங்கும்போது, சருகை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகின்றன. பிராணவாயு இல்லாத, சற்றே புளிப்பான அந்த நீர், கல்லிலும் மண்ணிலும் உள்ள இரும்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல நகர்கிறது. அடியில் உள்ள களி அதை மேற்கொண்டு இறங்க விடாததால் ஆற்றுச் சரிவில் வெளியே வருகிறது. வெளியே வந்ததும் காற்று படுகிறது. கரைந்திருந்த இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து துருவாகிப் படிகிறது. குழிக்குள் தெளிவாக இருந்த நீர் இரண்டடி தள்ளிச் சிவப்பதன் இரகசியம் இதுதான்.

அந்த எண்ணெய்ப் பளபளப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு குச்சியால் அதைக் கலைத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடிச் சில்லுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்புப் படலம். பிரிந்தது மீண்டும் ஓடிக் கூடிக்கொண்டால் அது எண்ணெய். மோட்டாரிலோ டிராக்டரிலோ இருந்து ஒழுகியதாக இருக்கும்.

நீரை மருந்தாக்கிய கதைகள்

நீரை மருந்தாக நம்புவது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. நம் மாவட்டத்திலேயே நார்த்தாமலை மேலமலையில் தலையருவிச் சுனை இருக்கிறது. அதனுள் மூழ்கியிருக்கும் இலிங்கத்துக்கு ஜுரஹரேசுவரர் என்று பெயர். காய்ச்சலைப் போக்குபவர் என்று பொருள். பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள இரும்பு ஊற்றுகளின் நீரைக் குடிக்க 1717-ஆம் ஆண்டில் இரஷ்யப் பேரரசர் மகா பீட்டரே போயிருக்கிறார். இன்று நகரங்களில் குளியலும் ஒப்பனையும் செய்யும் இடங்களுக்கு வழங்கும் ‘ஸ்பா’ என்ற சொல் அந்த ஊரின் பெயர்தான். இங்கிலாந்தில் 1606-இல் ஒரு பிரபு கண்ட இரும்பு ஊற்றைச் சுற்றி எழுந்ததுதான் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரம்.

இவற்றையெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வங்காள தேசத்தின் வடமேற்குப் பகுதியில் ஆழ்துளைக் குழாய் நீரில் இயற்கையாகவே இரும்பு மிக அதிகம். அந்த நீரைக் குடிக்கும் கிராமப் பெண்களிடம் இரும்புச் சத்துக் குறைவு ஏறக்குறைய இல்லை என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆக, கரைந்த இரும்பு போதிய அளவு இருந்து, அதை அப்போதே குடித்தால் உடலில் ஓரளவு சேரத்தான் செய்கிறது. அப்படியானால் அப்பத்தா சொன்னது சரிதானே என்று கேட்கலாம். சரி இல்லை. ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு சொல்வது என்ன?

ஊற்று நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதுவே சுவையும் கறையும் நன்றாகத் தெரியும் அளவு. ஒரு பெண் நாளொன்றுக்கு 3 லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தபடி கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 27 மில்லிகிராம். அரசு கொடுக்கும் ஒரு சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் அதனுடன் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அந்த ஒரு மாத்திரைக்கு ஈடாக 30 லிட்டர் ஊற்று நீர் குடிக்க வேண்டும். அதாவது இரண்டு குடம்!

அந்த 6 மில்லிகிராமும் முழுதாக வயிற்றுக்குப் போகிறதா? காலையில் எடுத்த நீர் குடத்தில் ததும்பி வீடு வந்து, பகல் முழுவதும் பானையில் நிற்கிறது. அதற்குள் இரும்பில் பெரும்பகுதி துருவாகிப் பானையின் அடியில் படிந்துவிடும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரும் புளியும் போட்டு அப்பத்தா தேய்த்துக் கொட்டும் அந்தச் சிவப்புப் படிவுதான் இரும்பு. அது சாக்கடைக்குப் போகிறது. தப்பித்தவறிக் குடித்தாலும் துருவாகிவிட்ட இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை.

இதை அந்த மூதாட்டிக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். வழி அவருடைய கடலைக் கொல்லையிலேயே கிடைத்தது. “அப்பத்தா, சுண்ணாம்பு ஓடையான நிலத்தில் கடலை போட்டால் கொழுந்து இலை வெளுத்துப் போகிறதே, பார்த்திருக்கிறீர்களா?” என்றேன். “பாக்காம என்ன? என் மருமகன் ஊருல அப்படித்தான். அன்னபேதி உப்பு கரைச்சு அடிப்பாக” என்றார். “அந்த மண்ணில் இரும்பு இல்லாமலா வெளுத்தது? மண்ணில் நிறைய இருக்கிறது. ஆனால் செடி எடுத்துக்கொள்ளும் பக்குவத்தில் இல்லை. அதனால்தான் பக்குவமான இரும்பை, அன்னபேதியை, இலையில் தெளிக்கிறோம். உங்கள் பேத்திக்கு அந்த மாத்திரைதான் அன்னபேதி.” அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்த் தகர டப்பாவை எடுத்து வந்தார்.

கிராம சுகாதார செவிலியருக்கு அன்று மாலையே தொலைபேசியில் சொன்னேன். மறுநாள் அவர் வந்து பார்த்தபோது அந்தப் பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 8-க்கும் கீழே இருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு அது 11-க்குக் குறையக் கூடாது. மருத்துவமனையில் ஊசி மூலம் இரும்புச் சத்து ஏற்றினார்கள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் நான் தை மாதத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அன்று. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல் என்று பொருள். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால்தான் மகப்பேறு உதவித் திட்டமே இம்மாநிலத்தில் நடக்கிறது. அந்த மண்ணில் பிறந்த பெண்கள் மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வெளுத்துப் போகலாமா?

மாத்திரை பற்றி இரண்டு வார்த்தை. மலம் கறுப்பது மாத்திரையால் ஏற்படும் இயல்பான மாற்றம், அஞ்ச வேண்டியதில்லை. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் சாப்பிடலாம். தேநீருடனோ, காபியுடனோ, சுண்ணாம்புச் சத்து மாத்திரையுடனோ சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அவை இரும்பு உடலில் சேராமல் தடுக்கும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பு சேர உதவும். கொக்கிப் புழுவாலும் வேறு சத்துக் குறைவுகளாலும்கூட இரத்தசோகை வரும் என்பதால், எதனால் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அன்றாட உணவில் கம்பு, கேழ்வரகு, உளுந்து, கீரை சேரட்டும். கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ள ‘தனசக்தி’ போன்ற கம்பு இரகங்கள் இப்போது இருக்கின்றன. நம் மானாவாரி நிலத்தில் கம்பு ஒன்றும் புதிய பயிர் அன்று. இரும்புச் சத்தை ஊற்றில் தேடுவதைவிட வயலில் விளைவிப்பது நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் ஊற்றை மூடிவிடலாமா?

அந்த ஊர் இளைஞர்கள் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். “துருத் தண்ணி, அசிங்கமா இருக்கு. ஊத்தைத் தூத்துட்டுப் போரைப் போடுவோம், இல்லாட்டி கேன் தண்ணி வாங்குவோம்” என்பது அவர்கள் கட்சி. இதுவும் தவறு. மருந்து இல்லை என்பதால் அது நஞ்சு ஆகிவிடாது.

நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் இரும்பின் அளவு முன்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்று இருந்தது. பின்னர் 1.0 மில்லிகிராம் என்று திருத்தப்பட்டது. சுவையும் கறையும்தான் இதில் முதன்மையான குறை. உலக சுகாதார நிறுவனம் குடிநீர் இரும்புக்கு உடல்நலக் காரணத்தால் தனி வரம்பு எதையும் வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் துருவைவிடக் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கே அதிகம் அஞ்ச வேண்டும். திறந்த குழியில் மாடு வாய் வைக்கிறது, மழையில் மேட்டுக் கழிவு இறங்குகிறது. ஆகவே செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் உண்டு. மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று ஆண்டுக்கு இருமுறை இரும்பு, புளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊருக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரவும் ஏற்பாடு உண்டு. இரும்பை மட்டும் ஊற்றடியிலேயே பார்ப்பது நல்லது. புட்டியில் எடுத்துப்போய் நாள்பட வைத்தால் இரும்பு அடியில் படிந்து, அளவு குறைத்துக் காட்டும். நீரில் இரும்பு இருக்கிறதா என்று அறிய வீட்டிலேயே ஓர் எளிய சோதனையும் உண்டு. கொய்யா இலையைக் கசக்கியோ கடுக்காய்த் தூளையோ நீரில் போட்டால், இரும்பு உள்ள நீர் மை கலந்ததுபோல் கறுக்கும். தேநீர் கறுத்துப்போவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது, ஊற்றின் காப்பு. குழியைச் சுற்றிக் கல் கட்டி, மேலே மூடியிட்டு, ஒரு குழாய் வழியாக நீர் விழும்படி செய்தால் குடத்தையும் கையையும் குழிக்குள் விட வேண்டியிராது. கால்நடைக்கு வழிந்தோடும் நீரில் தனித் தொட்டி அமைக்கலாம். ஊற்றுக்கு மேற்புறச் சரிவில் கழிவறைக் குழியோ எருக்குழியோ கூடாது.

மூன்றாவது, வீட்டில் செய்வது. நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தேநீர் ஆற்றுவதுபோல் பலமுறை உயரத்திலிருந்து ஊற்றுங்கள். காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகும். இரவு முழுவதும் தெளிய விட்டு, மேல்நீரைக் கழுவிய மணலும் சரளையும் இட்ட பானையில் வடிகட்டுங்கள். மணலை அவ்வப்போது அலசி மாற்ற வேண்டும். வடிகட்டினால் இரும்பு குறையும். ஆனால் கிருமி சாகாது. ஆகவே குடிக்கும் நீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

வயலுக்கும் ஒரு சொல்

இதே இரும்பு நீர் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் வருவதாகச் சொல்லும் விவசாயிகள் பலர். சொட்டு நீர்ப் பாசனம் அமைப்பவர்கள் முதலில் நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் சொட்டுவான்கள் அடைபடும் அபாயம் மிக அதிகம். நீரைத் தொட்டியில் உயரத்திலிருந்து விழச் செய்து, தெளிய வைத்து, மணல் வடிகட்டி வழியாக அனுப்புவது நலம்.

செம்புராங்கல் மேட்டின் அடிவாரத்து வயல்களில் கசிவு நீர் ஓயாமல் இறங்கினால், நெற்பயிரின் அடியிலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் தோன்றி இலை செம்பு நிறமாகும். வேரில் துரு பூசியதுபோல் இருக்கும். இது நோயோ பூச்சியோ அன்று, இரும்பு நச்சு. மருந்து அடித்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். மேட்டு ஓரமாக வடிகால் வெட்டிக் கசிவை வெளியேற்றுங்கள். நீரை வடித்து வடித்துக் கட்டுங்கள். மண் பரிசோதனையின்படி சாம்பல் சத்தைக் குறைவின்றி இடுங்கள்.

காடு இருந்தால் ஊற்று இருக்கும்

கடைசியாக, என் மனத்தில் பட்டதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊற்றைக் காத்து வருவது எங்கள் துறையும் அல்ல, எந்தத் திட்டமும் அல்ல. அய்யனார் காட்டில் சுள்ளி ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுதான். மழையை வேகம் தணித்து மண்ணுக்குள் இறக்குவது அந்தச் சருகு மெத்தை. காடு போனால் மேட்டு மழை ஒரே ஓட்டமாக ஆற்றுக்குப் போய்விடும். தைக்குள் ஊற்று வற்றிவிடும். செம்புராங்கல்லை வெட்டி எடுத்தாலும் இதே கதிதான். கோயில் காட்டை ஒட்டிய நிலங்களில் தைல மரம் வைப்பதையும், ஊற்றின் மேற்புறத்தில் புதிய ஆழ்துளைக் கிணறு போடுவதையும் ஊரே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். வேலை முடிந்தபின் வருந்திப் பயனில்லை.

எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் நாம் எழுதி வைத்துப் பேசுவதைவிட, வண்டி ஏறும்போது சொல்வதுதான் ஊரில் நிலைத்து நிற்கிறது. தெரியாத கேள்விக்கு “பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லப் பழக வேண்டும். சொன்ன ஊருக்குத் திரும்பிப் போய், நம் சொல் அங்கே என்னவாக விளைந்திருக்கிறது என்று பார்க்கவும் வேண்டும். நான் திரும்பிப் போக 25 ஆண்டுகள் ஆயின.

சித்திரை பிறந்தபின் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். ஊற்று மெலிந்து, நூல்போல் கசிந்துகொண்டிருந்தது. அப்பத்தா வீட்டுத் திண்ணையில் இரண்டு பானைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. மேல் பானையில் ஆற்று மணல், கீழ்ப் பானையில் தெளிந்த நீர். “காய்ச்சித்தான் வச்சிருக்கேன் தம்பி, பயப்படாமக் குடிங்க” என்றார். குடித்தேன். ஆணிச் சுவை இல்லை. பேத்தியிடம், பிள்ளை பெற்ற பின்னும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று செவிலியர் சொன்னாரா என்று கேட்டேன். அப்பத்தாதான் பதில் சொன்னார்: “அன்னபேதிதானே? ராத்திரி சோறு தின்னதும் நானே எடுத்துக் குடுத்துருவேன்.”